உஷார்! கார் ஷெட்டில் ஓடுகிற ஃபிரிட்ஜ்

உங்கள் வீட்டு கார் ஷெட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா? அதே ஷெட்டில் பைக் நிற்கிறதா? மாற்று கேஸ் சிலிண்டரும் அந்த மூலையில்தான் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், முதலில் எழுந்து போய் சிலிண்டரை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டு வாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

செஞ்சியில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. உள்ளே இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்ததும் பழைய ஒற்றைக் கதவு ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவர்களுக்குத் தெருவைப் பார்த்த ஷெட்தான் கடை. மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குகிற வீடுகளில் ஒரு ஃபிரிட்ஜ் போதுவதில்லை. 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். வெளியூர்க் கூட்டம் வரும், திருவண்ணாமலை சாலையோரத்து வீட்டு வாசலில் ஒரு ஃபிரீசர் போட்டால் தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீமும் விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருப்பார்கள். பிழைப்புக்கு வழி தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் கடைக்குப் போய் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்று கேட்பதற்கு முன்னால், அது நிற்கப் போகிற இடத்தைப் பாருங்கள். இடம் சரியில்லை என்றால் எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் ஆபத்துதான்.

இது வீண் பயம் அல்ல. 2022 நவம்பர் 4ஆம் தேதி அதிகாலை, செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் வெடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்துபோனார்கள். பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. வெளிநாட்டிலிருந்து வந்து திறந்து, ஓரிரு நாள் தங்கியிருந்தார்கள். மின்கசிவால் ஃபிரிட்ஜ் வெடித்திருக்கலாம் என்பதுதான் அன்று வந்த செய்தி. வெளியே வந்து தப்பிக்க அவர்களால் முடியவில்லை.

ஃபிரிட்ஜ் எப்படி வெடிக்கும்? கம்ப்ரசர் வெடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கம்ப்ரசர் கெட்டியான இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது, அது தானாக வெடிப்பது அபூர்வம். பயப்பட வேண்டியது அதற்குள் ஓடுகிற வாயுவுக்கு. இப்போது வருகிற வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற வாயுதான். அது ஐசோபியூட்டேன், நம் சமையல் கேஸின் நெருங்கிய சொந்தம். ஓசோன் படலத்தைக் கெடுக்காது, பூமியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு. அதனால்தான் உலகம் முழுக்க அதற்கு மாறினார்கள், அந்த மாற்றம் நல்லதே. ஆனால் அது எரியும். காற்றில் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஒரு ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வாயு சில பத்து கிராம்தான். வீட்டு ஃபிரிட்ஜுக்குச் சர்வதேசத் தர விதி வைத்த உச்சவரம்பே 150 கிராம். இவ்வளவுதானே என்று விட்டுவிடாதீர்கள். 10 கிராம் கசிந்தால் சுமார் 4 லிட்டர் வாயு. கதவு மூடிய 200 லிட்டர் பெட்டிக்குள் அது 2 சதவீதம். அந்த நேரத்தில் உள்ளே தெர்மோஸ்டாட்டோ விளக்கு ஸ்விட்சோ ஒரு பொறி தட்டினால் கதவு பெயர்ந்து தெருவில் விழும். இன்னொரு விஷயத்தையும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே நாற்றம் கலக்கிறார்கள். ஃபிரிட்ஜ் வாயுவில் அந்த நாற்றம் கிடையாது. கசிந்தால் மூக்கு உங்களை எச்சரிக்காது.

அது எப்படிக் கசிகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் மலைபோல் கட்டிக்கொள்கிறது. கறிப் பொட்டலம் ஒட்டிக்கொண்டது, வர மாட்டேன் என்கிறது. கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ எடுத்துக் குத்துகிறோம். அந்த ஐஸுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகட்டின் உள்ளேதான் வாயு ஓடுகிற குழாய். ஒரு குத்து போதும், ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அப்படிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்தபடியே விடுங்கள். ஃபிரிட்ஜ் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஷெட்டின் கதவு, கேட் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வந்து, மெயின் ஃபிரிட்ஜிலிருந்து தள்ளி இருந்தால் மட்டும் அதை அணையுங்கள். ஐஸ் எடுக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே நிறுத்தி, கதவைத் திறந்து வையுங்கள். தானாக உருகி வரும்.

இனி பெட்ரோலுக்கு வருவோம். இதுதான் ஷெட்டுக்கென்றே உள்ள ஆபத்து, சமையலறையில் இருக்கிற ஃபிரிட்ஜுக்கு இது கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையில் படுத்துக் கிடக்கும், சரிவு இருந்தால் அந்தப் பக்கம் நகரும். கேஸ் சிலிண்டரிலிருந்து கசிகிற வாயுவும் அப்படித்தான், தரையோடுதான் போகும். ஃபிரிட்ஜில் பொறி தட்டுகிற உறுப்புகள் எங்கே இருக்கின்றன? கம்ப்ரசர், அதன் ரிலே, ஓவர்லோடு எல்லாம் பின்பக்கம், தரைக்கு அரை அடி உயரத்தில். பைக்கின் கார்புரேட்டர் சொட்டுகிறது, பவர் ஸ்பிரேயருக்கு என்று ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி வைத்திருக்கிறோம், பெயின்ட் வேலை முடிந்து மீந்த தின்னர் டின் மூடி சரியாக மூடாமல் கிடக்கிறது. கோடையில் சாத்திய ஷெட்டில் இதெல்லாம் ஆவியாகித் தரையில் பரவுகிறது. ஃபிரிட்ஜ் ஒரு நாளில் எத்தனையோ முறை தானே ஓடி தானே நிற்கும். இரவு 2 மணிக்கு அது ஓடத் தொடங்கும்போது பக்கத்தில் என்ன பரவிக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் வீட்டு கராஜுக்குள் வைக்கிற வாட்டர் ஹீட்டர் போன்ற, பொறியோ சுடரோ உண்டாக்கும் சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்கச் சொல்லிக் கட்டட விதியே எழுதி வைத்திருப்பது இந்த ஆவிக்குப் பயந்துதான்.

ஃபிரிட்ஜைத் திண்ணை உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றிவிட்டால் ஆபத்து குறையும், தீராது. பெட்ரோல் கேனும் தின்னரும் சிலிண்டரும் ஃபிரிட்ஜ் இருக்கிற ஷெட்டில் கூடவே கூடாது. இதில் ‘கொஞ்ச நாளைக்கு மட்டும்’ என்று சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியும் ஃபிரிட்ஜும் ஒரே கூரையின் கீழ்தான் என்றால் ஷெட் ஒரு பக்கமாவது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் சுவர் எழுப்பி ஷட்டர் போட்ட ஷெட்டில் இரண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது என்பதே என் முடிவு.

அடுத்தது ஷாக். கார் ஷெட்டில் நாம் என்ன செய்கிறோம்? காலையில் வாசல் தெளித்துக் கழுவுகிறோம். ஹோஸ் பிடித்து வண்டி கழுவுகிறோம். அதே ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்து ஃபிரிட்ஜின் இரும்புக் கைப்பிடியைப் பிடிக்கிறோம். ஃபிரிட்ஜின் உடம்பில் கரண்ட் கசிந்திருந்தால், காய்ந்த டைல்ஸ் தரையில் செருப்போடு நிற்கிறவருக்குச் சுரீர் என்று ஒரு தட்டோடு போகும். ஈரச் சிமென்டில் நிற்கிறவரை விடாது. மாவு வாங்க வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்து தொடுவதும் இந்தக் கைப்பிடியைத்தான்.

எர்த் இல்லாமல் ஃபிரிட்ஜ் ஓட்டாதீர்கள். பிளக்கின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவது, வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டுவது, இரண்டையும் நம் ஊரில் சர்வ சாதாரணமாகச் செய்கிறோம். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் வழக்கமாக இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய ஜங்ஷன் பாக்ஸ் வயர் தினம் தினம் சூடேறி, ஒரு நாள் அதன் பிளாஸ்டிக் உருகும். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன், தனி சாக்கெட், சரியான எர்த் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டை வெட்டிவிடுகிற ட்ரிப்பர், அதாவது ஆர்.சி.சி.பி. வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்தால் ‘ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா’ என்று கேளுங்கள். சாதாரண எம்.சி.பி. வேறு. அது வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது.

வோல்டேஜையும் கவனியுங்கள். சுற்றுக் கிராமங்களில் மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறைந்த வோல்டேஜில் கம்ப்ரசர் ஓட முயன்று முடியாமல் நின்று, மறுபடி முயலும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டக்’ என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும், ஆனால் ஓடும் ரீங்காரம் கேட்காது. அந்த ஒவ்வொரு டக்கும் ஒரு பொறி, கம்ப்ரசரின் சுருளுக்குள் ஏறுகிற ஒரு சூடு. அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள். கடைக்காரர் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்பார். பெட்டியில் எழுதியிருக்கிற வோல்டேஜ் அளவையும் உங்கள் வீட்டில் சாயங்காலம் 7 மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்த அளவையும் ஒப்பிட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் சில நிமிடம் தாமதித்துத் தருகிற ஸ்டெபிலைசர்தான் ஃபிரிட்ஜுக்கு ஏற்றது.

இத்தனைக்கும் பிறகும் ஷெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், எந்தப் பெட்டியை வாங்குவது?

முதலில் வெயில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று கருங்கல் மலைக்கு நடுவில் இருக்கிற ஊர் இது. கத்திரி வெயிலில் பகல் முழுக்கச் சூடு குடித்த பாறை ராத்திரியிலும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ஷெட்டுக்குள் வெளியில் இருப்பதைவிடச் சூடு கூடுதல். கோட்டைக்குள் தானியம் வைக்கக் கட்டிய களஞ்சியத்தைப் பாருங்கள், எவ்வளவு தடித்த சுவர், எப்படி வளைத்துக் கட்டிய கூரை. உணவு வைக்கிற இடத்துக்கு வெயில் ஆகாது என்று அறிந்து கட்டியவர்களின் ஊரில் நாம் தகரத்தின் கீழே ஃபிரிட்ஜ் வைக்கிறோம். வெளியே 30 டிகிரி, உள்ளே 4 டிகிரி என்றால் இடைவெளி 26. வெளியே 43 ஆனால் இடைவெளி 39. பெட்டிக்குள் நுழைகிற சூடு ஒன்றரை மடங்கு. அதை இழுத்து ஏற்கெனவே கொதிக்கிற காற்றில் கொட்டுவதற்குக் கம்ப்ரசர் படும் பாடு அதற்கும் மேல். ஸ்டார் லேபிளில் போட்டிருக்கிற யூனிட் கணக்கு சோதனைக்கூடத்துக்கு உரியது, உங்கள் தகர ஷெட்டுக்கு அல்ல.

ஆகவே பெட்டியின் பின்பக்கமோ உட்பக்கச் சுவரிலோ ஒட்டியிருக்கிற தகட்டைப் படியுங்கள். அதில் தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ்.என்., என். என்பவை 32 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துக்கு. எஸ்.டி. (ST) 38 டிகிரி வரை. டி (T) என்று இருப்பதுதான் 43 டிகிரி வரை தாங்கும். செஞ்சி ஷெட்டுக்கு டி-க்குக் குறைந்த எதையும் வாங்காதீர்கள். விற்பவருக்கு இந்த எழுத்து தெரியவில்லை என்றால் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள். அதே தகட்டில் எந்த வாயு, எத்தனை கிராம் என்பதும் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மெக்கானிக் வரும்போது வேண்டும்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற உறவினர் ‘கராஜ் ரெடி என்று போட்டதாகப் பார்த்து வாங்கு’ என்று சொல்லக்கூடும். அங்கே கராஜ் குளிரில் உறைகிறது. வெளியே இருக்கிற குளிரே போதும் என்று ஃபிரிட்ஜ் ஓடாமல் நின்றுவிட, ஃபிரீசரில் இருப்பது உருகிவிடுகிறது. அந்த லேபிள் முக்கியமாக அந்தக் குளிருக்காக வந்தது. நம் பிரச்சினை நேர் எதிர், அவர்களின் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் பணம் வீண்.

மீன், கறி, ஐஸ்கிரீம் மட்டும்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் மேலே திறக்கிற பெட்டி ஃபிரீசர் வாங்குங்கள், அதிலும் கெட்டி மூடி உள்ளது. திறக்கும்போது குளிர்க் காற்று கீழேயே தங்கும். கண்ணாடி மூடி வைத்தது பார்க்க அழகு, சாமான் தெரிந்தால் வியாபாரம் ஆகும், ஆனால் ஷெட் வெயிலில் கண்ணாடி வழியே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். பூட்டுள்ள பெட்டி என்றால் குழந்தைகளை நினையுங்கள். ஒளிந்து விளையாடுகிற பிள்ளைகள் பழைய ஃபிரிட்ஜுக்குள் புகுந்து திறக்க முடியாமல் மூச்சுத் திணறிச் செத்த துயரத்துக்குப் பிறகுதான், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வேண்டும் என்று 1956இல் அமெரிக்கா சட்டமே போட்டது. ஓடாத பெட்டியை ஷெட்டில் போட்டு வைத்திருந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டியின் முதுகையும் பாருங்கள். 2017 ஜூன் 14இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேரைக் கொன்ற தீ, நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் இருந்த ஃபிரிட்ஜில்தான் தொடங்கியது. கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் அதை மேல் மாடிவரை கொண்டுபோயின. பிளாஸ்டிக் முதுகு கொண்ட ஃபிரிட்ஜ்கள் தீயைப் பரப்புகின்றன என்று லண்டன் தீயணைப்புத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. சுவருக்குள் இருக்கிற பஞ்சு நுரை எரிந்தால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இருக்கும், சில மூச்சிலேயே மயக்கம் தட்டிவிடும். பின்பக்கம் உலோகத் தகடு போட்ட பெட்டியாக எடுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் இடமாவது விடுங்கள், பக்கங்களிலும்தான். புதுப் பெட்டிகளில் பக்கச் சுவர் வழியாகவே சூடு வெளியேறும், அங்கே சாக்குமூட்டை சாத்தினால் அந்தச் சூடு போக வழியில்லை.

பழைய பெட்டியோ செகண்ட் ஹேண்ட் ஃபிரீசரோ வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் மாற்றிய பெட்டி என்றால் தகட்டில் இருக்கிற வாயுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய ஆர்-134ஏ வாயு எரியாது, அதற்கென்று செய்த பெட்டியில் எரியும் வாயுவை ஏற்றினால் அதன் ஸ்விட்சுகள் அதற்குத் தகுந்தவை அல்ல. சமையல் கேஸையே ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பற்றவைக்கிற டார்ச்சை எடுப்பதற்கு முன் பெட்டியை வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வாயுவை முழுக்க வெளியேற்றுகிற மெக்கானிக்கிடம்தான் வேலை கொடுங்கள். மருந்து விஷயத்திலும் கவனம், இன்சுலினை ஷெட் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயிலில் திணறுகிற பழைய பெட்டி அதைச் சூடாக்கும், ஐஸ் தட்டுக்குக் கீழே வைத்தால் உறைந்து கெடும்.

மழையும் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஷெட் என்பது வீட்டின் மற்ற தரையைவிடத் தாழ்வு, தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும். தண்ணீரில் நின்ற ஃபிரிட்ஜை, காய்ந்துவிட்டது என்று நம்பி ஸ்விட்ச் போடாதீர்கள். கம்ப்ரசர் பக்கத்து இணைப்புகளை மெக்கானிக் கழற்றிப் பார்த்த பிறகுதான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டிலும் இதே விதிதான். பின்னால் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வந்திருக்கவும் கூடும், கை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கருகல் வாடை, வழக்கத்துக்கு மாறான சத்தம், தொட்டால் சுரீர் என்ற உணர்வு, இதில் எது வந்தாலும் மெயினை அணையுங்கள். தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வண்டியை வெளியே எடுக்கிறேன் என்று உள்ளே ஓடாதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 101 அல்லது 112-க்கு அழையுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906. கரண்ட் பிரச்சினைக்கு மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.

ஈ.பி. மீட்டரும் மெயின் ஸ்விட்சும் பல வீடுகளில் இந்த ஷெட் சுவரில்தான் இருக்கின்றன. அதற்கு நேர் கீழே இடம் காலியாக இருக்கிறது, சாக்கெட்டும் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஃபிரிட்ஜை அங்கே நிறுத்தியிருப்பீர்கள். தீ பிடித்தால் அணைக்க வேண்டிய ஸ்விட்ச் தீக்கு மேலேயே இருக்கும், யாராலும் கிட்டப் போக முடியாது. இன்றைக்கே அங்கிருந்து நகர்த்துங்கள். மெயின் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்று வீட்டில் இருக்கிற பெரியவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டிக் கொடுங்கள்.